பங்கு போட்டு நடத்தற மொட்டைமாடி தோட்ட சர்வீஸ்: சேரலாமா வேண்டாமா?

முதல்லயே பதில சொல்லிடறேன், சேரலாம். ஆனா காய்கறி செலவு குறையும்ங்கற ஒரே கணக்குல சேர்ந்தீங்கன்னா சீக்கிரமே வெறுத்துப் போயிடும். இந்த மாதிரி சர்வீஸ் இப்ப நிறைய பேரு நடத்தறாங்க, அபார்ட்மென்ட் மொட்டைமாடியோ பக்கத்துல சும்மா கிடக்கற காலி மனையோ எடுத்து, க்ரோ பேக் (செடி வளர்க்கற பை) அடுக்கி, சொட்டுநீர் குழாய் இழுத்து, கம்போஸ்ட் தொட்டி வச்சு, வீட்டுக்கு இத்தனை பைன்னு பிரிச்சுக் குடுத்துடறாங்க. மாசா மாசம் சந்தா, அப்பப்ப அவங்க ஆளு ஒருத்தர் வந்து பாத்துட்டுப் போவாரு. எங்க அபார்ட்மென்ட்லயும் இதே ஏற்பாடு தான். வெயில் மழை ரெண்டையும் பாத்தாச்சு, செடி செத்ததும் பாத்தாச்சு நல்லா காய்ச்சதும் பாத்தாச்சு, அதனால இப்ப எழுதினா நியாயமா இருக்கும். கம்பெனி பேரு போடல, ஏன்னா நான் சொல்லப்போற நல்லது கெட்டது முக்கால்வாசி இந்த மாதிரி எந்த சர்வீஸுக்கும் பொருந்தும்.

பை பத்தி தான் எல்லாரும் முதல்ல கேக்கறாங்க, அதுலருந்தே ஆரம்பிக்கறேன். அவங்க குடுத்தது வழக்கமான எச்டிபிஇங்கற கெட்டி பிளாஸ்டிக் பை, வெளிய வெள்ளை உள்ள கருப்பு, "யூவி ஸ்டெபிலைஸ்டு"ன்னு, அதாவது வெயிலத் தாங்கும்னு, மேலயே அச்சடிச்சிருக்கும். நிழல்ல இருக்கற பை எல்லாம் இன்னிக்கும் நல்லா இருக்கு. மேற்கு பக்க கைப்பிடிச்சுவர ஒட்டி சாயங்கால வெயில் முழுசா வாங்கற வரிசை இருக்கு பாருங்க, அது தான் பரிட்சை. அங்க மடிப்பு விழற இடத்துல விரல வச்சு தேச்சா வெள்ளைப் பொடி ஒட்டுது, அப்பறம் கொஞ்ச நாள்ல அந்த மடிப்பு நூல் நூலா பிரிய ஆரம்பிக்குது, பிரிஞ்ச நூல் உடைஞ்சு உடைஞ்சு மண்ணுக்குள்ள போகுது, கையால பொறுக்கி எடுக்கவே முடியாது. கைப்பிடி தையலும் அப்படித்தான், காலியா இருக்கறப்ப கெட்டியா தெரியும், ஈர மண்ணோட தூக்கினீங்கன்னா ஒரு பக்கம் கிழிஞ்சு வந்துடும். கம்பெனிகிட்ட கேட்டா புதுசு மாத்தித் தரோம்னு சந்தோஷமா சொல்றாங்க. அது தான் எனக்கு பிடிக்கல.

ஏன் பிடிக்கலன்னு கொஞ்சம் விளக்கமா சொல்லணும். 2024-ல மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஆளுங்க முன்ன நின்னு நடத்தின ஒரு ஆய்வு நேச்சர் சிட்டீஸ் பத்திரிகைல வந்துச்சு. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, போலந்துன்னு 5 நாட்டுல 73 நகரத் தோட்டங்கள கணக்கெடுத்து பாத்தாங்க. சராசரியா ஒரு பரிமாறலுக்கு, அதாவது ஒருத்தர் ஒரு தடவை சாப்பிடற அளவுக்கு, 0.42 கிலோ கார்பன்-டை-ஆக்சைடு அளவுக்கு பாதிப்பு வருது, சாதாரணமா வயல்ல விளைஞ்சு வர்றதுக்கு 0.07 கிலோ தான். கிட்டத்தட்ட ஆறு மடங்கு! இத படிச்சுட்டு நகரத்துல தோட்டம் போடறதே வீண்னு சில பேரு முடிவு கட்டிட்டாங்க, அது அவசரம். பாதிப்புல பெரும்பங்கு எங்கருந்து வருதுன்னு பாத்தா, பாத்தி கட்டற சாமான், ஷெட்டு, குழாய், நடைபாதை, இந்த மாதிரி கட்டுமானத்துலருந்து தான் வருது, செடிலருந்து இல்ல. அதே பாத்திய 5 வருஷம் வச்சுட்டு தூக்கிப் போட்டா ஒரு பரிமாறலுக்கு வர்ற பாதிப்பு, 20 வருஷம் வச்சிருந்தா வர்றத விட ஏறக்குறைய நாலு மடங்கு ஆகுதாம். திறந்த வெளில மண்ணுல வளர்த்த தக்காளிக்கு, சூடு போட்ட பசுமைக்குடில்ல வளர்த்தத விட பாதிப்பு கம்மியா தான் வந்திருக்கு.

ஆக ஒரு தோட்டம் பசுமையா இல்லையாங்கறது அதுல இருக்கற சாமான் எத்தனை வருஷம் தாங்குதுங்கறத பொறுத்து தான். இந்த ஒரு விஷயத்த வச்சு பாத்தா ஒவ்வொரு சீசனும் "ஃப்ரீயா" பை மாத்தித் தர்ற சர்வீஸ் தான் மோசமான சர்வீஸ். நாங்க பேசி பேசி கடைசில மேற்கு வரிசைக்கு மட்டும் பையே வேண்டாம்னு சொல்லிட்டு, உணவுப் பொருள் வந்த பழைய நீல ட்ரம்ம குறுக்க பாதியா அறுத்து அடில ஓட்ட போட்டு வச்சோம். அது அசையாம நிக்குது. கெமிக்கல் வந்த ட்ரம் மட்டும் எடுத்துடாதீங்க, உள்ள என்ன இருந்துச்சுன்னு தெரியலன்னா எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். துணிப் பையும் பாத்தோம், வேர் சுத்தி சுத்தி பின்னாம காத்து பட்டு நுனிலயே நின்னுடுது, செடிக்கு அது நல்லது, ஆனா நாலு பக்கமும் தண்ணி ஆவியாகுது, வெயில் காலத்துல ரெண்டு வேளை ஊத்த ஆள் இருந்தா மட்டும் வாங்குங்க.

மண் கலவைக்கு நல்ல மார்க் போடறேன். செம்மண், தேங்காய்நார்க் கழிவு, கம்போஸ்ட் மூணும் கிட்டத்தட்ட சமமா. மொட்டைமாடில வெறும் மண்ண நிரப்பினா கட்டடம் தாங்குமாங்கறது பெரிய கேள்வி, இந்த கலவையே ஒரு 20 லிட்டர் பை முழுசா நனைஞ்சா 20 கிலோவுக்கு மேல வந்துடும், அத பத்து பத்தா ஒரே இடத்துல குவிச்சா என்ன ஆகும்னு யோசிங்க. அவங்க ஆரம்பத்துலயே ஒரு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர கூட்டிட்டு வந்து பீம் எங்க போகுதுன்னு பாத்து அந்த வரிசைல மட்டும் கனமான தொட்டிய வைக்க விட்டாங்க, கீழ வாட்டர் ப்ரூஃபிங் இருக்கான்னும் பாத்தாங்க, பையெல்லாம் தரைல படாம ஸ்டாண்டு மேல. இத செய்யாத சர்வீஸ்ல தயவு செஞ்சு சேராதீங்க, மேல்மாடி வீட்டுக்காரங்க வீட்டு சீலிங்ல ஈரம் இறங்கினா தோட்டமும் போச்சு உறவும் போச்சு.

ஒரு குறை, நார்க் கழிவு கட்டிய சரியா கழுவாம கலந்துட்டாங்க. அதுல இயல்பாவே உப்பு இருக்கும், கழுவி ஈசி (உப்பு அளவ காட்டற எண்) குறைச்சது தான் வாங்கணும், இல்லன்னா நாமளே ஊற வச்சு வடிகட்டி ரெண்டு மூணு தடவை அலசணும். எங்க பைல முதல் தடவை போட்ட பீன்ஸ் எல்லாம் இலை ஓரம் பழுப்பாகி சுருண்டு போச்சு, வந்த ஆளு பூச்சின்னு சொல்லி மருந்து அடிச்சாரு, அது பூச்சியே இல்ல, உப்பு. நல்ல தண்ணிய நிறைய விட்டு அடிவழியா வெளியேத்தின அப்பறம் தான் சரியாச்சு.

இப்ப கம்போஸ்ட்டுக்கு வரேன். இந்த சர்வீஸ்ல காசு குடுக்கறதுக்கு தகுதியான ஒரே விஷயம் எதுன்னு கேட்டா இது தான்னு சொல்லுவேன். வீட்டுக்குள்ள வைக்கற சின்ன தொட்டிய நான் குறை சொல்லல, அதுவும் மக்கும், ஆனா சூடு ஏறாது. குவியல் ஏறக்குறைய ஒரு கன மீட்டர் இருந்தா தான் உள்ள சூட்ட பிடிச்சு வச்சுக்கும், 55 லருந்து 65 டிகிரி வரைக்கும் போகும், அந்த சூட்டுல தான் களை விதை, நோய்க்கிருமி எல்லாம் சாகும். ஒரு குடும்பத்து கழிவு வச்சு அந்த அளவு குவியல் போடவே முடியாது, ஒரு மாடி முழுக்க இருக்கற வீடுங்க சேர்ந்தா முடியும். இத ஒரு வீடு தனியா எவ்வளவு செலவு பண்ணாலும் வாங்க முடியாது, நாலு பேர் சேர்ந்தா தான் கிடைக்கும்.

எங்க தொட்டி மூணு தடுப்பு, கம்பி வலையும் மரச்சட்டமும், முன்பக்கப் பலகைய உருவி எடுக்கலாம். முதல் தடுப்புல தினம் விழறது காய்கறித் தோல், டீத்தூள், முட்டை ஓடு. ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு ரெண்டு மூணு பங்கு காஞ்ச இலை, அட்டை, மரத்தூள்னு மேல மூடணும், இத செய்யாம விட்ட வாரம் மூக்கே சொல்லிடும். கைல ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்க, பிழிஞ்ச ஸ்பாஞ்ச் மாதிரி ஈரம் தெரியணும், ஆனா சொட்டக்கூடாது. சொட்டினா காஞ்சது போடணும், உதிர்ந்துச்சுன்னா தண்ணி தெளிக்கணும். நடுவுல முள்கரண்டி விட்டு புரட்டினா காலை குளிருல ஆவி எழும்பும், உள்ள வெள்ளையா சாம்பல் பூத்த மாதிரி ஒரு படலம் இருக்கும், அது கெட்டுப்போனது இல்ல, சூட்டுல வேலை செய்யற நுண்ணுயிர், பயப்படாதீங்க. மூணாவது தடுப்புக்கு வர்றப்ப எது தோலு எது இலைன்னு அடையாளமே தெரியாது, மழை பெஞ்ச மண்ணு வாசனை.

புரட்டறத விட்டுடாதீங்கன்னு ஏன் இவ்வளவு சொல்றேன்னா, காத்து போகாத குவியல்ல மீத்தேன் உருவாகும். குப்பைக் கிடங்குல உணவுக்கழிவு புதைஞ்சு கிடந்தா நடக்கறதும் அதே தான், மீத்தேன் 20 வருஷ கணக்குல கார்பன்-டை-ஆக்சைட விட 80 மடங்குக்கும் மேல சூடேத்தற வாயு. அத தடுக்கத்தான் நாம கம்போஸ்ட் போடறோம், அதையே அழுக விட்டா என்ன பிரயோஜனம். இந்த விஷயத்துல கம்பெனி ஆளு பிரமாதம். எத்தனை பேரு தப்பா போட்டாலும் முகம் சுளிக்காம ஒவ்வொரு வீட்டுக்கும் திரும்ப திரும்ப காட்டிக் குடுத்தாரு, குப்பைய வெளிய கொண்டு போய் கொட்டற அளவு கண்ணுக்குத் தெரிஞ்சு குறைஞ்சிருக்கு, தோட்டத்துல பை வாங்காத வீடுங்க கூட இப்ப தோல கொண்டு வந்து குடுக்கறாங்க.

சொட்டுநீர் ஓகே ரகம். ஒரு மணி நேரத்துக்கு 2 லிட்டர் விடற எமிட்டர் (தண்ணி சொட்டற மூக்கு), கால் மணி நேரம் ஓடினா பைக்கு அரை லிட்டர், கணக்கு சுலபம். ஆனா தண்ணில உப்பு இருந்தா எமிட்டர் வாய் அடைச்சுக்கும், டைமர் ஓடிட்டே இருக்கும், பாக்கறவங்களுக்கு எல்லாம் சரியா நடக்கற மாதிரி தெரியும், நடுவுல நாலு செடி மட்டும் சத்தமில்லாம காஞ்சுட்டு இருக்கும். ஃபில்டர கழட்டி கழுவறதும் குழாய் கடைசி மூடிய திறந்து ஃப்ளஷ் பண்றதும் யார் வேலைன்னு ஒப்பந்தத்துல எழுதி வாங்குங்க. டைமர நம்பி செடிய பாக்காம இருக்காதீங்க, விரல மண்ணுல ஒரு கணு அளவு விட்டு பாக்கறதுக்கு ஈடா இன்னும் எதுவும் வரல.

பூச்சி வரும், கண்டிப்பா வரும், மாவுப்பூச்சியும் அசுவினியும் எந்த மாடியா இருந்தாலும் தேடி வந்துடும். வேப்பெண்ணெய்ல கொஞ்சம் சோப்பு கலந்து சாயங்காலமா இலைக்கு அடிப்பக்கம் அடிச்சா பெரும்பாலும் போதும். வெயில்ல அடிச்சா இலை கருகும், தேனீ வர்ற நேரத்துலயும் அடிக்கக்கூடாது.

விளைச்சல் பத்தி நேரா பேசிடலாம். கீரை, மிளகாய், கத்திரி, புதினா, தக்காளி, இதெல்லாம் குடும்பத்துக்கு கணிசமா வருது. ஒரு நாளைக்கு 6 மணி நேரமாவது நேரடி வெயில் இருந்தா தான் காய்க்கறது காய்க்கும், கம்மியா இருந்தா கீரையோட நிறுத்திக்கோங்க. தானியம், பருப்பு, கிழங்கு எல்லாம் கிராமத்து நிலத்துலருந்து தான் வரணும், மாடித்தோட்டம் ஊருக்கே சோறு போடும்னு யாராவது விளம்பரம் பண்ணா நம்பாதீங்க. பூசணி, சுரை மாதிரி கொடி வச்சவங்க முதல்ல ஏமாந்தாங்க, பூ பூக்குது பிஞ்சு மஞ்சளாகி உதிருது. ஆறாவது மாடில தேனீ வரத்து கம்மி, காலைலயே ஆண் பூவ பறிச்சு பெண் பூவுல தொட்டு வைக்கணும். ஓரமா துளசியும் சாமந்தியும் பூக்க விட்ட அப்பறம் தேனீ வர ஆரம்பிச்சுது, இப்ப கைவேலை குறைஞ்சிருக்கு.

இதே கம்பெனி கூடுதலா ஒரு பேக்கேஜ் விக்கறாங்க, அடுக்கடுக்கா குழாய் வச்ச ஹைட்ரோபோனிக் டவர் (மண்ணே இல்லாம சத்து கலந்த தண்ணில செடி வளர்க்கறது), உள்ள வைக்கற எல்ஈடி லைட்டோட. தண்ணி கம்மியா செலவாகும், அது உண்மை தான். ஆனா சூரியன் சும்மா குடுக்கறத கரண்டுல குடுக்கற ஏற்பாடு இது. கோடி கோடியா முதலீடு வாங்கி பெரிய கட்டடங்கள்ல இத செஞ்ச கம்பெனிங்களே தடுமாறிடுச்சு, அமெரிக்காவுல ஏரோஃபார்ம்ஸ் 2023 ஜூன்ல திவால் பாதுகாப்பு கேட்டு போச்சு, பவரி ஃபார்மிங் 2024 நவம்பர்ல கடையவே மூடிடுச்சு. வெயில் அடிக்கற மொட்டைமாடிய வச்சுக்கிட்டு உள்ள லைட்டு போட்டு கீரை வளர்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்ல. டவர் வேண்டாம்.

இனி நான் எதிர்பார்க்காம கிடைச்ச விஷயம், மனுஷங்க. 2023 தொடக்கத்துல லான்செட் பிளானட்டரி ஹெல்த்ல ஒரு ஆய்வு வந்துச்சு, அமெரிக்காவுல டென்வர் நகரத்துல, அதுக்கு முந்தின ரெண்டு வருஷமா தோட்டம் போடாத 291 பேர எடுத்து குலுக்கல் முறைல பிரிச்சு, பாதிப் பேருக்கு சமூகத் தோட்டத்துல இடம் குடுத்தாங்க, மீதிப் பேர காத்திருக்கச் சொன்னாங்க. தோட்டம் கிடைச்சவங்க ஒரு நாளைக்கு ஒன்னரை கிராம் கிட்ட கூடுதலா நார்ச்சத்து சாப்பிட்டாங்க, உடம்புக்கு வேலையும் அதிகமாச்சு, மன அழுத்தமும் பதட்டமும் குறைஞ்சுது, அதுலயும் ஆரம்பத்துல ரொம்ப கஷ்டத்துல இருந்தவங்களுக்கு தான் கூடுதலா குறைஞ்சுது. இத படிச்சப்ப ஆச்சரியமே வரல, எங்க மாடில கண்ணால பாக்கறேன். ரிட்டையர் ஆகி கதவ சாத்திட்டு உள்ளயே இருந்த ஒரு அங்கிள், இப்ப காலைல ஆறு மணிக்கு மேல வந்து ஃபில்டர் கழுவறாரு. லிஃப்ட்ல பாத்தா தலைய கூட ஆட்டாதவங்க "அக்கா உங்க மிளகாய் பழுத்துடுச்சு, பறிச்சு வைக்கட்டுமா"ன்னு வாட்ஸப்ல கேக்கறாங்க. பக்கத்து வீட்டு பாட்டிக்கு மாடி ஏற முடியாது, அவங்க பைய ரெண்டு பசங்க பாத்துக்கறாங்க, பதிலுக்கு பாட்டி விதைய காய வச்சு சாம்பல்ல புரட்டி பொட்டலம் கட்டிக் குடுக்கறாங்க.

சண்டையும் வரும், மறைக்க வேண்டாம். ஊருக்குப் போறவங்க பைக்கு யாரு தண்ணி பாக்கறது, கம்போஸ்ட் புரட்டற முறைய யாரு தவற விட்டது, யாரு பைலருந்து யாரு கறிவேப்பிலை உருவினதுன்னு வாரம் ஒரு பஞ்சாயத்து. பொது வரிசைன்னு ஒன்ன தனியா ஒதுக்கி, அதுல யாரு வேணா பறிக்கலாம்னு வச்ச அப்பறம் பாதி சண்டை அடங்கிடுச்சு. கம்பெனி இதுல தலையிடாது, அவங்க ஆப்ல இருக்கற "கம்யூனிட்டி" பட்டன் வெறும் நோட்டீஸ் போர்டு தான். ஒருங்கிணைக்க உங்கள்ல ஒருத்தர் வேணும், அப்படி யாரும் முன்வரலன்னா சேர்றத தள்ளிப் போடுங்க.

கஷ்ட காலத்துல இந்த மாதிரி தோட்டம் என்ன பண்ணும்ங்கறதுக்கு பெரிய உதாரணங்களே இருக்கு. சோவியத் யூனியன் உடைஞ்சு 1991-க்கு அப்பறம் கியூபாவுக்கு அங்கருந்து வந்துட்டிருந்த எண்ணெயும் உரமும் நின்னு போனப்ப ஹவானா நகரத்துக்குள்ள காலி இடமெல்லாம் காய்கறிப் பாத்தி ஆச்சு. அர்ஜென்டினாவுல 2001 பொருளாதாரச் சரிவுக்கு அப்பறம் ரொசாரியோ நகராட்சி 2002-ல சும்மா கிடந்த நிலத்த குடும்பங்களுக்கு விவசாயத்துக்கு குடுத்துச்சு, வேலை போனவங்க விளைவிச்சு சந்தைல வித்தாங்க, அந்த திட்டம் இன்னும் நடக்குது. ரெண்டு இடத்துலயும் நிலத்த குடுத்தது, பயிற்சி குடுத்தது, விக்க வழி பண்ணது எல்லாம் அரசாங்கம். சந்தா சர்வீஸால அந்த அளவு வரவே முடியாது, வசதி இல்லாத குடியிருப்புகளுக்கு இது எட்டவும் எட்டாது, அது எனக்கு உறுத்தலா தான் இருக்கு. நகராட்சி ஒரு பூங்கா மூலைய ஒதுக்கி தண்ணி கனெக்ஷன் குடுத்தா இதே வேலைய கம்மி செலவுல எல்லாருக்கும் பண்ணலாம், கேக்கறதுக்கு நாலு பேர் சேர்ந்து மனு எழுதணும் அவ்வளவு தான்.

சேர முடிவு பண்ணிட்டீங்கன்னா கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒப்பந்தம் முடிஞ்சா என்ன நடக்கும்ங்கற பக்கத்த படிங்க, யாரும் அத படிக்கறதில்ல. நியூயார்க்ல மக்கள் வருஷக்கணக்கா வளர்த்த 100-க்கும் மேல சமூகத் தோட்டங்கள 1999-ல நகர நிர்வாகம் ஏலம் விடப் பாத்துச்சு, நிலம் அவங்க பேருல இல்லங்கறதால. கடைசி நேரத்துல தொண்டு நிறுவனங்க விலை குடுத்து வாங்கித்தான் காப்பாத்தினாங்க. நம்ம விஷயம் சின்னது தான், ஆனா சிக்கல் அதே சிக்கல். எங்க முதல் ஒப்பந்தத்துல சந்தா நின்னா பை, ஸ்டாண்டு, குழாயோட சேர்த்து மண் கலவையும் கம்பெனிக்கே சொந்தம்னு இருந்துச்சு, நம்ம வீட்டு கழிவு போட்டு நாம புரட்டி செஞ்ச மண்ணு! ரெண்டு வாரம் பேசி மாத்தினோம்: குழாயும் டைமரும் அவங்களோடது, மண்ணும் கம்போஸ்ட் தொட்டியும் குடியிருப்போர் சங்கத்தோடது, மாடிய குறைஞ்சது அஞ்சு வருஷத்துக்கு தோட்டத்துக்குன்னு சங்கத்துல தீர்மானம் போட்டு மினிட்ஸ்ல ஏத்தியாச்சு. அஞ்சு நட்சத்திரத்துக்கு மூணரை குடுக்கறேன், பைக்கும் அந்த ஒப்பந்தத்துக்கும் சேர்த்து ஒன்னரை குறைச்சிருக்கேன். தடிமனான தொட்டி குடுத்து, மண்ண நம்மகிட்டயே விட்டுட்டுப் போற கம்பெனி யாராவது உங்களுக்கு தெரிஞ்சா கமெண்ட்ல போடுங்க, எங்க சங்கம் அடுத்த தடவை அவங்ககிட்ட தான் பேசும்.